கர்ப்பப்பைக் கட்டி: கையெழுத்துப் போடும் முன் பெண்கள் அறிய வேண்டியவை

கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்துவிட்டால், வீட்டில் அடுத்த பேச்சு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "எடுத்துவிட்டால் நிம்மதி." பிள்ளைகள் பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். மாதம் நான்கைந்து நாள் வேலைக்குப் போக முடியவில்லையே என்ற கவலையில் அந்தப் பெண்ணும் சம்மதித்துவிடுவார்.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்கும், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் தோட்ட வேலைக்கும் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் போகும் பெண்களுக்கும் இந்தக் கவலை நியாயமானது. ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் கர்ப்பப்பையை அகற்றுவது பல வழிகளில் ஒன்று மட்டுமே. சிலருக்கு அதுவே சரியான முடிவு. பலருக்கு அது தேவையே இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கட்டி எங்கே இருக்கிறது, இனி குழந்தை வேண்டுமா, மாதவிடாய் நிற்கும் வயது எவ்வளவு அருகில் இருக்கிறது.

இது என்ன கட்டி?

ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டி, கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளர்வது. புற்றுநோய் அல்ல. மிளகு அளவிலும் இருக்கலாம், தேங்காய் அளவுக்கும் வளரலாம். ஒன்றாகவும் இருக்கும், பத்துப் பன்னிரண்டாகவும் இருக்கும். அமெரிக்காவில் நடந்த ஆய்வில், 50 வயதுக்குள் பத்தில் ஏழு பெண்களுக்காவது இந்தக் கட்டி வந்திருப்பது தெரிந்தது. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிய வந்த கட்டிகளே அதிகம்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்களால் இந்தக் கட்டி வளர்கிறது. மாதவிடாய் நின்றபின் இவை குறைவதால் கட்டியும் சுருங்கத் தொடங்கும். "விட்டால் புற்றுநோயாக மாறிவிடும்" என்ற பயம் பலரை அவசரமாக அறுவை அரங்குக்குள் கொண்டுபோகிறது. சாதாரண நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ஆனால் மாதவிடாய் நின்றபிறகு கட்டி வளர்ந்தாலோ, மீண்டும் இரத்தம் பட்டாலோ தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும்.

அளவை விட இடமே முக்கியம்

"ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறதாம்" என்று அளவைச் சொல்லித்தான் நாம் பயப்படுகிறோம். உண்மையில் கட்டி இருக்கும் இடம்தான் அதிகம் பேசும். கர்ப்பப்பையின் உட்புறக் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி நெல்லிக்காய் அளவில் இருந்தாலும் கடுமையான உதிரப்போக்கைத் தரலாம், கரு தங்குவதையும் தடுக்கலாம். தசைச் சுவருக்குள் இருப்பவை வலியையும் அதிக உதிரத்தையும் தரலாம். வெளிப்புறமாக வளர்பவை எலுமிச்சை அளவுக்கு மேல் போனாலும் சிலருக்குத் தெரிவதே இல்லை. மிகப் பெரிதானால் மூத்திரப்பையையும் குடலையும் அழுத்தி, அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், அடிவயிற்றுக் கனம் ஆகியவற்றைக் கொடுக்கும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் அளவு, எண்ணிக்கையோடு இடமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

உதிரம் ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாக இரத்தம் வெளியேறுவது, இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருப்பது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும்.

இங்கே உயிருக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் கட்டியால் அல்ல, இரத்தசோகையால் வருகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது, பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே குறைந்த இரத்தத்தோடு இருக்கிறார்கள். அதன்மேல் மாதந்தோறும் அதிக உதிரப்போக்கும் சேர்ந்தால் இதயமே சோர்ந்துபோகும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 8-க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை.

நம் பகுதியின் கேழ்வரகுக் களியும் கீரையும் நல்ல உணவுதான். ஆனால் எட்டில் நிற்கும் ஹீமோகுளோபினை உணவால் மட்டும் ஏற்ற முடியாது. இரும்புச்சத்து மாத்திரை தேவை. சிலருக்கு ஊசி வழியாக ஏற்ற வேண்டும். மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்து, டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். ரமளானில் இஃப்தாருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். தலைசுற்றல் வரும் அளவுக்கு இரத்தம் குறைந்தவர்கள், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை மறந்துவிட வேண்டாம்.

நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மாதவிடாயின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபி மத்ஹபில் 15 நாள். அதற்கு மேல் தொடர்வது இஸ்திஹாளா என்ற நோய் உதிரம். அதில் தொழுகை தவறாது என்ற சட்டம் பலருக்கும் தெரியும். உளூ, தொழுகை பற்றி ஆலிமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளும் நாம், மார்க்கமே நோய் என்று பிரித்துச் சொன்ன உதிரத்துக்கு மருத்துவம் பார்க்காமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சட்டத்தைக் கேட்ட கையோடு மருத்துவரையும் பார்ப்பதே முறை.

கத்தி படாத வழிகள்

தொல்லை தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். 48 வயதில் லேசான தொல்லையோடு இருக்கும் பெண்ணுக்கு, மாதவிடாய் நிற்கும்வரை இரத்த அளவைக் காத்துக்கொண்டு பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

மாத்திரைகளில் முதலாவது டிரானெக்சாமிக் ஆசிட். உதிரம் அதிகமுள்ள நாட்களில் மட்டும் எடுப்பது. இது ஹார்மோன் அல்ல. உதிரத்தை ஏறத்தாழப் பாதியளவு வரை குறைக்கக்கூடும். முன்பு கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள் இதை எடுக்கக் கூடாது. மெஃபனாமிக் ஆசிட் வலியைத் தணித்து உதிரத்தையும் ஓரளவு குறைக்கும். புரோஜெஸ்டிரோன் மாத்திரைகளும் கருத்தடை மாத்திரைகளும் உதிரத்தைக் கட்டுப்படுத்தும், கட்டியைக் கரைக்காது. நிறுத்தினால் உதிரம் பழையபடி வரும்.

ஹார்மோன் காயில் கர்ப்பப்பைக்குள் பொருத்தப்படுவது. ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு அவ்வப்போது சிறிது சிறிதாகப் படும். இதில் பயந்து பலர் எடுத்துவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் உதிரம் மிகவும் குறையும். கட்டி கர்ப்பப்பைக் குழியின் வடிவத்தையே மாற்றியிருந்தால் காயில் தங்காமல் வெளியே வந்துவிடலாம்.

மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போடப்படும் லூப்ரோலைடு போன்ற ஊசிகள், மாதவிடாயைத் தற்காலிகமாக நிறுத்திக் கட்டியை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சுருக்கும். ஆனால் எலும்பு தேய்மானம் வரும் என்பதால் வழக்கமாக ஆறு மாதத்துக்கு மேல் தருவதில்லை. நிறுத்தியதும் கட்டி திரும்ப வளரும். அறுவைக்கு முன் கட்டியைச் சிறிதாக்கவும் இரத்தத்தை ஏற்றவும் இவை பயன்படுகின்றன. யுலிபிரிஸ்டல் என்ற மாத்திரை சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்ததால் ஐரோப்பாவில் அதற்கு 2020-21-ல் கடும் கட்டுப்பாடு வந்தது. யாரோ சாப்பிட்டுக் குணமானதாகச் சொன்னார்கள் என்று எந்த மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சை

மாத்திரைக்கும் அறுவைக்கும் இடையில் ஒரு வழி இருப்பது நம் பகுதியில் பலருக்குத் தெரியாது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு இரத்தம் போகும் பாதையில் நுண்ணிய துகள்களை அனுப்பி அடைத்துவிடுவது. உணவு கிடைக்காத கட்டி சில மாதங்களில் சுருங்கிவிடும். பிரான்ஸில் ழாக் ராவினா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1995-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். மயக்க மருந்து முழுமையாகத் தேவையில்லை. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம். முதல் ஓரிரு நாள் வலி கடுமையாக இருக்கும், காய்ச்சலும் வரலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பெண்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், இந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை மீண்டும் ஏதோ ஒரு சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது. இதையும் கட்டியை மட்டும் அகற்றும் அறுவையையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2020-ல் வெளியானது. 254 பெண்கள் கலந்துகொண்ட அதில், இரண்டு ஆண்டுக்குப் பின் இரு சாராருமே நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் சற்றுக் கூடுதலாக இருந்தது. இனி குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடக் கட்டியை மட்டும் அகற்றுவதையே மருத்துவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

ஒலி அலைகளைக் குவித்துக் கட்டியைச் சூடாக்கி அழிக்கும் முறையும் உண்டு. உடலில் வெட்டே இல்லை. அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்றது. எல்லாக் கட்டிக்கும் இது பொருந்தாது, செய்யும் மருத்துவமனைகளும் குறைவு.

அறுவை சிகிச்சைகள்

கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பது மயோமெக்டமி. குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டியைப் பிறப்புறுப்பு வழியாகவே கருவியைச் செலுத்தி எடுக்கலாம். வயிற்றில் வெட்டு இல்லை, சில நாளில் வேலைக்குப் போகலாம். மற்றவற்றை லேப்ராஸ்கோப்பி மூலமோ வயிற்றைத் திறந்தோ எடுப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதுவே முதன்மையான வழி. ஆனால் விட்டுப்போன சிறு கட்டிகள் பின்னர் வளரலாம். கர்ப்பப்பைச் சுவரை ஆழமாக வெட்டித் தைத்திருந்தால், அடுத்த பிரசவம் சிசேரியனாக இருக்க வேண்டியிருக்கும். அறுவைக் குறிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கர்ப்பப்பையையே அகற்றினால் கட்டி திரும்ப வராது, மாதவிடாயும் இராது. கட்டிகள் பல, தொல்லை கடுமை, குழந்தை ஆசை இல்லை, மற்ற வழிகள் பயன் தரவில்லை என்ற நிலையில் இது நல்ல தீர்வு. அதைச் செய்துகொண்டு நிம்மதியாக வாழும் பெண்கள் ஏராளம். ஆனாலும் இது பெரிய அறுவை. உதிரப்போக்கு, தொற்று, மூத்திரப்பையிலோ சிறுநீர்க் குழாயிலோ காயம், இரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரம் கனமான வேலை கூடாது. லேப்ராஸ்கோப்பியிலோ பிறப்புறுப்பு வழியாகவோ செய்தால் மூன்று, நான்கு வாரத்தில் தேறலாம்.

சினைப்பையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 35 வயதுப் பெண்ணுக்கு மறுநாளே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதய நோய் வாய்ப்பு எல்லாம் பல ஆண்டு முன்கூட்டியே வரும். சினைப்பையில் நோய் இல்லாதபோது, நார்க்கட்டிக்காக அதை எடுக்கத் தேவையில்லை.

எந்த முறையாக இருந்தாலும், 45 வயதைக் கடந்து உதிரம் ஒழுங்கற்று வருபவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறிது எடுத்துப் பரிசோதித்த பிறகே கட்டிதான் காரணம் என்று முடிவு செய்ய வேண்டும். கட்டியும் இருந்து, உள்சவ்வில் வேறு நோயும் இருக்கலாம்.

உங்கள் சம்மதம், உங்களுடையது

2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், கர்ப்பப்பை அகற்றப்பட்டதா என்று முதன்முறையாகப் பெண்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு அகற்றப்பட்டிருந்தது. நம் மாவட்டத்தின் எல்லையைத் தொட்டு நிற்கும் ஆந்திராவில் அது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் வேலை நாள் கெடக் கூடாது என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே அதிரவைத்தது. விடுப்புக்குக் கூலி பிடிக்கப்படும் எந்த ஊருக்கும் அது ஓர் எச்சரிக்கை.

தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய அரசு 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் இதை ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதற்கு முன்பே, 2008 ஜனவரி 16 அன்று அதே நீதிமன்றம் இன்னொரு முக்கியத் தீர்ப்பு தந்திருக்கிறது. நீடித்த உதிரப்போக்குக்காகப் பரிசோதனைக்கு வந்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவர் தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணின் சம்மதத்தை அவர் தாய்கூடத் தர முடியாது என்றும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. கணவருக்கும் மாமியாருக்கும் இது பொருந்தும். வீட்டாரோடு கலந்து பேசுவது நல்லது. முடிவும் கையெழுத்தும் அந்தப் பெண்ணுடையது.

நம் பகுதியில் என்ன வசதி?

ஓசூரில் அரசு மருத்துவமனையும் இஎஸ்ஐ மருத்துவமனையும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாத்திரை, காயில், கர்ப்பப்பை அகற்றல் போன்றவற்றுக்கு முதலில் இங்குள்ள மகளிர் நலப் பிரிவைப் பாருங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. கணவருக்கு இஎஸ்ஐ இருந்தால் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. பணியிலிருக்கும் பெண், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். கூலி போய்விடும் என்று பயந்து அவசரமாக முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். இஎஸ்ஐ இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

இரத்தக் குழாய் அடைப்பு, ஒலி அலை போன்ற சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் பெங்களூரு போக வேண்டியிருக்கும். ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளி போய்விட்டால் அது வேறு மாநிலம். உங்கள் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா, இந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்குமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அட்மிஷன் போட்டபின் கேட்டால் நகையை அடகு வைக்க வேண்டி வரும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? என் தொல்லைக்குக் காரணம் அதுதானா? இப்போது ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மாத்திரையோ காயிலோ முதலில் பார்க்கலாமா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, முடியாது என்றால் ஏன்? சினைப்பையை விட்டுவிடுவீர்களா? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? மொத்தச் செலவு எவ்வளவு?

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். உதிரம் கட்டுக்கடங்காமல் போகும் அவசர நிலை தவிர, நார்க்கட்டிக்கு இன்றைக்கே அறுவை என்ற அவசரம் கிடையாது. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அந்த வாரத்திலேயே இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரத்தம் ஏறியிருப்பது உங்களுக்கு நல்லதே.